ஜெபராணி எடுத்த கால் அச்சு

உத்தமபாளையம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஓர் ஒற்றை அறை. ஜெபராணி அங்கேதான் செருப்பு செய்கிறார். கடைகளில் தொங்கும் செருப்பு யாருக்குப் பொருந்தாதோ அவர்களுக்கான செருப்பு. சர்க்கரை நோயில் கால் மரத்தவர்கள், போலியோவில் ஒரு கால் சூம்பியவர்கள், தொழுநோய் வந்து குணமாகி விரல்களை இழந்தவர்கள் எல்லாரும் அவரிடம் வருவார்கள். யார் வந்தாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "செருப்பக் கழட்டிட்டு அந்தப் பெஞ்சுல கால நீட்டி உக்காருங்க." அளவு நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இரண்டு கைப் பெருவிரலாலும் பாதம் முழுவதையும் அழுத்திப் பார்ப்பார். குதிகாலில் ஆரம்பித்து விரலிடுக்கு வரைக்கும் ஓர் இடம் விடமாட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. சுளித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பழக்கம் வந்தது ஒரு தப்பில்.

1996-இல் தேனிப் பக்கம் இருந்த ஒரு தொழுநோய் மையத்தில் தையல் தெரிந்த பெண் தேவை என்று சொன்னார்கள். ஜெபராணிக்கு அப்போது முப்பது வயது. கணவர் ஞானதுரை சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பையும் கட்டுத்துணியும் தைக்கிற வேலை என்று நினைத்துத்தான் ஜெபராணி போனார். போய் உட்கார்ந்த பிறகுதான் அது செருப்புக்கு வார் தைக்கிற வேலை என்று தெரிந்தது. சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "செருப்பு தைக்கவா பொம்பளையக் கட்டிக் கூட்டியாந்த?" என்று ஞானதுரையிடமே கேட்டார்கள். அவர் மனைவியிடம், "ஒனக்குப் பிடிச்சிருந்தா போ. பிடிக்கலைன்னா நாளைக்கே நின்னுக்கோ" என்று மட்டும் சொன்னார். ஜெபராணிக்குப் பிடித்திருந்தது. ஆறு மாதம் வெளியூரில் தங்கி முழுச் செருப்பும் செய்யப் படித்துவிட்டு வந்தார்.

வந்த மூன்றாவது மாதம் தவசி என்ற விவசாயிக்கு ஒரு ஜோடி செய்து கொடுத்தார். மரத்துப்போன காலுக்குச் செய்கிற செருப்பில் ஆணியே கூடாது. எல்லாம் பசை போட்டு ஒட்டுவதுதான். ஒட்டும்போது வாரைப் பிடித்துவைக்கத் தற்காலிகமாக அடித்த ஒரு சின்ன ஆணியை எடுக்க ஜெபராணி மறந்துபோனார். தவசிக்குக் காலில் உணர்ச்சி கிடையாது. அந்த ஆணியோடு நான்கு நாள் வயலுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார். மையத்துக்கு வந்தபோது கால் வீங்கி, உள்ளே சீழ் பிடித்திருந்தது. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. தவசி கோபப்படவில்லை. "வலிச்சிருந்தா சொல்லீருப்பேன்மா" என்றார். அந்த வார்த்தை ஜெபராணியைத் தூங்கவிடவில்லை. வலிக்குதா என்று கேட்டுப் பிரயோசனமில்லை, நாமேதான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எடுத்த முடிவுதான் பெருவிரலுக்கு வந்த பழக்கம்.

2003-இல் மையத்தை மூடினார்கள். நோயாளிகள் குறைந்துவிட்டார்கள், அது நல்ல விஷயம்தான். கிளம்பும்போது தேய்க்கிற மெஷினையும் மீந்துபோன மெத்து ரப்பர் தாள்களையும் ஜெபராணிக்கே கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துத்தான் உத்தமபாளையத்துக் கடை. ஜெராக்ஸ் கடைக்காரர் சுருளிவேல் அவருக்கு 'செருப்பு டாக்டரம்மா' என்று பேர் வைத்தார். கேலிதான். ஆனால் ஜெபராணிக்கு அந்தப் பேர் உறுத்தலாக இருந்ததற்கு வேறு காரணம் உண்டு. ஒருமுறை சர்க்கரை நோயாளி ஒருவரின் சுண்டுவிரல் கறுப்பதைப் பார்த்துவிட்டு, உடனே காட்டச் சொல்லி அவரை ஒரு டாக்டரிடம் அனுப்பியிருந்தார். அந்த டாக்டர் நோயாளி முன்னாலேயே போன் போட்டு, "செருப்பு தைக்கிறவங்களே வைத்தியம் பாக்க ஆரம்பிச்சா நாங்க எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து காலில் எதைப் பார்த்தாலும், "ஒருதடவ டாக்டர்கிட்டக் காட்டிக்கோங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

2008-இல், பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஜெய்லானி ஒரு ஜோடிப் பழைய செருப்போடு கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர், பத்து வயது கூட்டிச் சொல்லலாம் போல் இருந்தார்.

"அக்கா, இதுல வலது காலுக்கு ஒன்றரை இஞ்சு ஒசத்தி வச்சுத் தரணும். டாக்டரு எழுதிக் குடுத்திருக்காக."

"யாருக்கு பாய்?"

"எங்க வீட்ல. இடுப்பெலும்பு ஒடஞ்சு ஒரு காலு குட்டையாப் போச்சு."

"அவுக வரலையா?"

"கட்டில விட்டு எந்திரிக்கிறதே பெரும்பாடுக்கா. அளவு நானே எடுத்தாந்துட்டேன்." நோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்த ஒரு வலது பாதத்தை நீட்டினார்.

ஜெபராணி தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க பாய். காலப் பாக்காம நான் தைக்கிறதில்ல. அவுகளால வர முடியாட்டி நான் வாறேன். வீடு எங்கன?"

ஜெய்லானி இதை எதிர்பார்க்கவில்லை. ஐந்தாறு வருடமாக மனைவியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறாரே தவிர, வீடு தேடி வருகிறேன் என்று யாரும் சொன்னதில்லை.

வீடு கோம்பை ரோட்டில் இருந்தது. மறுநாள் காலையில் ஜெபராணி பையோடு போனார். அம்சத் பீவி சுவரோரக் கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். நாற்பது வயது. முகம் தெளிவாக இருந்தது. முதுகு வளைந்து, மார்புக்கூடு இடுப்பில் வந்து உட்கார்ந்ததுபோல உடம்பு குறுகியிருந்தது.

"நான் இம்புட்டுக் குட்டை இல்லக்கா" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. "எங்க தோட்டத்துப் பந்தலுக்குக் கீழ நான் குனிஞ்சுதான் போவேன். தெராட்சக் கொலையெல்லாம் தலையில இடிக்கும். ஒரு வருசம் போறேன், இடிக்கல. இவுககிட்ட பந்தல ஒசத்திக் கட்டுனீகளான்னு கேட்டேன். இல்லைன்னாக. அப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு, நான்தான் எறங்கியிருக்கேன்னு."

ஜெய்லானியின் தங்கை நிலோபர் டீ கொண்டுவந்து வைத்தார். அம்சத் பீவி கதையைச் சொல்லிக்கொண்டே போனார். விட்டுப்போனதை ஜெய்லானி நிரப்பினார். 2002-இல் விலாவிலும் குதிகாலிலும் வலி. வாதம் என்று மாத்திரை. அது கேட்கவில்லை. எலும்பில் டிபி என்று ஒன்பது மாதம் மருந்து. அதுவும் கேட்கவில்லை. படியேற முடியாமல், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் ஆனது. ஒருநாள் தும்மியபோது விலா எலும்பு ஒடிந்தது. அதற்கப்புறமும் ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் கால்சியம் சரியாகத்தானே இருக்கிறது, மனசில் ஏதோ வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறார் என்று சொல்லி, அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டு வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றுகூடப் பேச்சு வந்தது. 2006-இல் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு எழுந்தபோது இடுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம். விழக்கூட இல்லை. எழுந்ததில் ஒடிந்தது.

"அதுக்கு அடுத்த வருசம் கோட்டயத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் ஜெய்லானி. "குமுளியில ஏலக்கா யாவாரம் பாக்குற எங்க மச்சான் சொன்னாரு. சசிதரன்னு ஒரு டாக்டரு. அவுகதான் கண்டுபிடிச்சாக. அஞ்சு வருசமா எத்தனையோ ரத்தம் எடுத்தாக, பாஸ்பரஸ்னு ஒண்ண யாரும் பாக்கல. அது இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லையாம்."

சசிதரன் டாக்டர் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். எலும்பு இறுகுவதற்கு அந்த உப்பு வேண்டும். அம்சத் பீவியின் உடம்பில் அது நிற்காமல் சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் எலும்பெல்லாம் இளகிவிட்டது. இந்த வயதில் புதிதாக இப்படி ஆரம்பித்தால், உடம்பில் எங்கோ ஒரு சின்னக் கட்டி இருந்துகொண்டு ஏதோ ஒன்றைச் சுரந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். புற்றுக்கட்டி மாதிரி ஆளைக் கொல்லாது. எடுத்துவிட்டால் நோயே போய்விடும். ஆனால் கடலைப்பருப்பு அளவுகூட இருக்கலாம். தலை முதல் கால் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கழுத்து, அக்குள், வாய்க்குள் எல்லாம் தடவிப் பார்த்தார். எறணாகுளத்துக்கு அனுப்பி இரண்டு முறை பெரிய ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை உயிரைப் பிடித்து வைக்க ஓர் உப்புத் தண்ணீரைக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. குடித்தால் வயிற்றைக் கலக்கியது. குடிக்காவிட்டால் வலி கூடியது.

"நோய்க்குப் பேரு தெரிஞ்சிருச்சு. அது இருக்குற எடந்தான் தெரியல" என்றார் ஜெய்லானி.

ஜெபராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து வலது பாதத்தைப் பார்த்து முடித்தார். பிறகு இடது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒசத்தி வலது காலுக்குத்தானக்கா?" என்றார் நிலோபர்.

"ரெண்டும் சேந்துதான நடக்குது" என்றார் ஜெபராணி.

இடது உள்ளங்காலின் குழிவில் ஜெபராணியின் கைப் பெருவிரல் நின்றது. தோலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று. அழுத்தினால் லேசாக நழுவியது.

"இது என்னத்தா?"

"அதுவா? கால் ஆணிக்கா. ஏழெட்டு வருசமா இருக்கு. மொதல்ல பிளேடு வச்சுச் சீவிப் பாத்தேன், மருந்துக்கடையில பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். போகல. அது பாட்டுக்குக் கெடக்குது, தொந்தரவு இல்ல."

ஜெபராணி காலை மடியிலிருந்து இறக்கினார். பையிலிருந்து கால் அச்சு எடுக்கும் விரிப்பை எடுத்தார். ஒரு பக்கம் மை தடவிய மெல்லிய ரப்பர் அது. அதற்கு அடியில் வெள்ளைத்தாளை வைத்து ஆளை ஏறி நிற்கச் சொன்னால், பாதத்தில் எங்கே பாரம் விழுகிறதோ அங்கே தாள் கறுக்கும். பாரம் விழாத உள்ளங்கால் குழிவு வெள்ளையாகவே இருக்கும். ஜெய்லானி ஒரு பக்கமும் நிலோபர் ஒரு பக்கமும் தாங்கிப் பிடிக்க, அம்சத் பீவி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு காலுக்கும் மூன்று நொடி நின்றார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. தாள்களைச் சுருட்டிக்கொண்டு, "நாலு நாள்ல ஆயிரும்" என்று சொல்லிவிட்டு ஜெபராணி கிளம்பினார்.

கடைக்கு வந்து இரண்டு தாளையும் சுவரில் குத்தி வைத்தார். வலது பாதம் சாதாரணமாக இருந்தது. இடது பாதத்தில், வெறுமையாக இருக்க வேண்டிய வெள்ளைக் குழிவின் நடுவே வட்டமாக ஒரு கறுப்பு.

ஆயிரக்கணக்கான கால் ஆணிகளைப் பார்த்தவர் அவர். நடந்து நடந்து ஓரிடத்தில் தேய்ப்பு விழுந்தால்தான் ஆணி வரும். குதிகாலில் வரும், பெருவிரலுக்குப் பின்னாலுள்ள மேட்டில் வரும். குழிவில் வராது. வந்தாலும் மேல்தோல் காய்த்து, தோலின் ரேகை அழிந்திருக்கும். இங்கே தோல் குழந்தையின் தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. ரேகைகள் அதன் மேலேயே ஓடின. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வருடமாக நடக்காத காலில் ஆணி எப்படி நிற்கும்? படுத்துக் கிடப்பவர்களின் ஆணி தானே இளகி உதிர்ந்துபோவதை மையத்தில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் அவரைக் கூட்டிப்போக வந்த ஞானதுரை சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். ஜெபராணி விஷயத்தைச் சொன்னார்.

"அவ்வளவு பெரிய டாக்டரு பாத்திருக்காக, ரெண்டுதடவ ஸ்கேன் எடுத்திருக்காக. நீ போய் இதுதான் கட்டின்னு சொல்லி, அது இல்லைன்னு ஆயிருச்சுன்னா?"

"ஏமாந்து போவாக."

"ஏற்கெனவே எத்தனைதடவ ஏமாந்தாகளோ. அப்பறம் அந்த டாக்டரும் ஒன்னய ஒரு வார்த்த கேட்டாருன்னா?"

ஜெபராணி கடையைப் பூட்டினார். வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது, "நான் அங்கன வச்சே சொல்லியிருக்கணும்" என்றார். "அந்தப் பொண்ணு வேர்த்து விறுவிறுத்து நிக்கிது, நான் தாளச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன். பயந்துட்டேன்."

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேரே கோம்பை ரோட்டுக்குப் போனார்.

ஜெய்லானி செருப்பு ஆகிவிட்டதோ என்று எழுந்து வந்தார். ஜெபராணி அச்சுத் தாளை விரித்துக் காட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். கேட்கக் கேட்க ஜெய்லானியின் முகம் இறுகியது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒடம்பு பூராவும் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டாக. இருந்தா அதுல தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணுந்தான் பாய். அந்தப் படம் இருக்கா?"

பீரோ மேலிருந்து பெரிய கவர் வந்தது. ஜெபராணிக்கு ஸ்கேன் படிக்கத் தெரியாது. ஆனால் எது தலை, எது வயிறு, எது கால் என்று யாருக்கும் தெரியுமே. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு படமாகப் பிடித்துப் பார்த்தார். மண்டை, நெஞ்சு, இடுப்பு, தொடை. தொடையின் பாதியில் படம் முடிந்தது. இரண்டாவது ஸ்கேனின் படங்களை எடுத்தார். அதுவும் அங்கேயே முடிந்தது.

"பாய், இதுல பாதம் எங்க?"

ஜெய்லானி படத்தை வாங்கிப் பார்த்தார். கவருக்குள் கையை விட்டுத் துழாவினார். வேறு படம் இல்லை. கட்டிலிலிருந்து அம்சத் பீவி மெல்லக் கேட்டார்: "அப்ப என் காலப் பாக்கவே இல்லையா?"

வழக்கமாக அந்த ஸ்கேனைக் கண்ணிலிருந்து தொடை வரைக்கும்தான் எடுப்பார்கள். பெரும்பாலான நோய்களுக்கு அது போதும். அதை அவர்களுக்குப் பிற்பாடு சசிதரன் டாக்டரே சொன்னார்.

ஜெய்லானி உடனே கோட்டயத்துக்குப் போன் போட்டார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "யாரு கண்டுபிடிச்சது? அவங்க கையில போன் கொடுக்கு" என்றார். ஜெபராணி போனை வாங்கினார். திட்டு வாங்கத் தயாராகத்தான் காதில் வைத்தார்.

"எத்தற வலிப்பம் உண்டு? எவ்வளவு பெரிசு?"

"பட்டாணியவிடக் கொஞ்சம் பெருசு சார்."

"கல்லு போல இருக்கா?"

"இல்ல சார். ரப்பர் மாதிரி. அழுத்துனா நழுவுது. மேல தோல் காய்க்கல. ரேகை அழியல."

டாக்டர் சொன்னார்: "தோலோட ரேகை வரைக்கும் நீங்க பாத்திருக்கு. நாளைக்கே கொண்டு வரணும். அத அமுக்க வேண்டாம், ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அம்சத் பீவி ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் வாங்கக்கா. நீங்க இருந்தா அந்த எடத்தச் சரியாக் காட்டுவீக."

மறுநாள் விடிந்ததும் வாடகை சுமோவில் கிளம்பினார்கள். பின் சீட்டில் மெத்தை போட்டு, அம்சத் பீவியின் தலையை நிலோபர் மடியிலும் கால்களை ஜெபராணி மடியிலும் வைத்துக்கொண்டார்கள். குமுளி மலையேறும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார். முனகவில்லை.

சசிதரன் டாக்டர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லியானவர். படுக்கையின் கால்மாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஜெபராணி காட்டிய இடத்தில் தன் கைப் பெருவிரலை வைத்தார். வெகுநேரம் அதை எடுக்கவில்லை. எழுந்தபோது கூட நின்ற இளம் டாக்டர்களைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வருஷமா இவங்கள நான் காணுது. கழுத்து நோக்கி, கை நோக்கி, வாய் நோக்கி. பாதத்த மறிச்சு, திருப்பி நோக்கியில்ல. எந்தெ தெற்றாணு. என் தப்பு." பிறகு அம்சத் பீவியிடம் திரும்பி, "உடம்புல எங்க முழை, கட்டி இருந்தாலும் சொல்லணும்னு அன்னிக்குச் சொன்னேனே அம்மா" என்றார்.

"ஆணியக் கட்டின்னு யாரு சார் நெனைப்பா?" என்றார் அம்சத் பீவி. டாக்டர் சிரித்துவிட்டார்.

அது, தான் தேடிய கட்டிதான் என்று டாக்டர் அன்றே சொல்லவில்லை. பாதத்துக்குத் தனியாக ஸ்கேன் எடுத்தார். ரத்தத்தை எடுத்துத் தூரத்து லேப் ஒன்றுக்கு அனுப்பினார். "ஆகாமலும் இருக்கலாம். ஆனா எடுக்கத்தான் வேணும்" என்றார். பத்தாம் நாள் அறுவை சிகிச்சை. அரை மணி நேர வேலை. சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுத்தார்கள். நிலக்கடலைப் பருப்பு அளவுக்குப் பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று.

ஜெபராணி அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார். அறுவை முடிந்த ஐந்தாம் நாள், ஒரு சர்க்கரை நோயாளியின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜெராக்ஸ் கடைக்குப் போன் வந்தது. சுருளிவேல் ஓடிவந்து கூப்பிட்டார்.

"அக்கா, ரெண்டு புள்ளி எட்டு!" என்று ஜெய்லானி கத்தினார்.

"என்னது பாய்?"

"பாஸ்பரஸ்க்கா. ஒண்ணு புள்ளி ரெண்டுக்கு மேல ஏறவே ஏறாது. உப்புத் தண்ணிய நிப்பாட்டிட்டாக. அப்பிடியும் ஏறுதுக்கா."

"அது நல்லதா பாய்?"

"நல்லதாம்க்கா. நல்லதாம்…" நிலோபர் போனை வாங்கி, அண்ணன் அழுகிறார் என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார். ஜெபராணி கடைக்குத் திரும்பிவந்து, காத்திருந்தவரின் காலை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்னம்மா, ஏதும் துக்கச் செய்தியா, கண்ணு கலங்குது?" என்று அவர் கேட்டார்.

இளகிய எலும்பு ஒரே நாளில் இறுகிவிடாது. வீட்டுக்கு வந்த முதல் மாதம் அம்சத் பீவிக்கு வலி கூடியதுகூட உண்டு. எலும்பு ஆவலாய் உப்பைக் குடிக்கிறது, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாம் மாதம் படுக்கையில் தானாகப் புரண்டு படுத்தார். நான்காம் மாதம் ஊன்றுகோலோடு அடுப்படி வரைக்கும் போனார். ஜெபராணி மாதம் ஒருமுறை போய் அச்சு எடுத்தார். பாரம் விழுகிற இடம் மாற மாற, செருப்பின் அடியைச் சீவியும் கூட்டியும் கொடுத்தார். ஒரு வருடத்தில் மூன்று ஜோடி. ஒடிந்து கூடிய வலது கால் குட்டையாகவேதான் இருந்தது. ஒன்றே கால் அங்குல உயரம் கடைசிவரை தேவைப்பட்டது. குறைந்துபோன உயரமும் திரும்பவில்லை. அதைப் பற்றி அம்சத் பீவி வருத்தப்பட்டுப் பேசியதில்லை.

ஒருநாள் அச்சு எடுக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவர் சொன்னார்: "வலி போனது ஒரு பக்கம் இருக்கட்டும்க்கா. நான் நடிக்கிறேன்னு சொன்னாகள்ல. நடிக்கிறேனோன்னு எனக்கே ஒரு சமயம் தோணிருச்சு. அந்தக் கட்டிய ஒரு பாட்டில்ல போட்டு டாக்டரு எங்கிட்டக் காட்டுனாக பாருங்க, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. நான் பொய் சொல்லலைன்னு ஆச்சுல்ல."

ஜெபராணி அவர் காலை மடியிலேயே வைத்துக்கொண்டு, தழும்பைப் பெருவிரலால் மெல்லத் தடவிவிட்டார்.

2009 ஆடியில் அம்சத் பீவி ஊன்றுகோல் இல்லாமல் ஜெபராணியின் கடைக்கு நடந்தே வந்தார். ஜெய்லானி பின்னால் பத்தடி தள்ளி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார், முடியாமல் போனால் ஏற்றிக்கொள்ளலாம் என்று. ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

செய்தி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. கூடலூரிலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும், கையில் கட்டி, கழுத்தில் கட்டி என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "நீங்க தொட்டா தெரிஞ்சிருமாமே" என்றார் ஒரு பெண். ஜெபராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் செருப்பு தைக்கிறவ ஆத்தா. எனக்குத் தெரிஞ்சது பாதம் மட்டுந்தான். நீ இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பு, இங்கன நின்னு நேரத்தக் கடத்தாத" என்று பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அப்படி அனுப்பியவர்கள் போனார்களா என்று அடுத்த வாரம் விசாரிக்கவும் செய்தார். சுருளிவேல் 'செருப்பு டாக்டரம்மா' என்பதை விட்டுவிட்டார். அவரே ஒருநாள் தன் அம்மாவைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

2010-இல் ஒரு சனிக்கிழமை, குச்சனூர் கோயிலுக்கு வந்த ஒரு கேரளக் கார் கடை முன்னால் நின்றது. சசிதரன் டாக்டரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். ஜெபராணி பதறிப்போய்ப் பசை ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். டாக்டர் உள்ளே வந்து, சுவரில் இருந்த அச்சுத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்கப்புறம் அதே நோயோடு இரண்டு பேர் தன்னிடம் வந்ததாகச் சொன்னார். ஒருவருக்குக் கட்டி தாடையில் கிடைத்தது. இன்னொருவருக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

"இப்ப யார் வந்தாலும் ஆதியம், மொதல்ல, செருப்பு கழட்டச் சொல்லும்" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "எனக்கே காலையில எழுந்தா குதிகால் வலி உண்டு. ஆறு மாசமாச்சு" என்றார்.

"உக்காருங்க சார். ஷூவக் கழட்டுங்க."

டாக்டர் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்தார். ஜெபராணி தரையில் உட்கார்ந்து குதிகாலில் ஆரம்பித்தார். முடித்துவிட்டு ஷூவைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நீங்க போட்டிருக்கது ஒரு சைஸ் சின்னது. எத்தன வருசமா இதப் போடுறீக?"

டாக்டரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். "ஞான் எப்போழும் பறயும்" என்று, தான் எப்போதும் சொல்வதுதானே என்பதுபோலக் கணவரின் தோளைத் தட்டினார். ஜெபராணி அச்சு எடுத்து, தாளின் ஓரத்தில் பேரை எழுதினார்.

"வியாழக்கிழம ஆயிரும் சார். நீங்க இதுக்காக மலையிறங்கி வர வேண்டாம். ஜெய்லானி பாய் குமுளிக்குப் போவாரு, அவரு கோட்டயம் பஸ்ல குடுத்து விட்டுருவாரு."